சிறிய கிளப்பா, பெரிய அகாடமியா? கொளத்தூர் வாசகருக்கு ஒரு விளையாட்டு மருத்துவரின் பதில்

கொளத்தூரிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன். அவருடைய மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வரும் நவம்பரில் 13 வயது நிறைகிறது. மூன்று ஆண்டுகளாகப் பெரம்பூர்ப் பக்கம், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய கால்பந்து கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரனாக ஆடி வருகிறான். மண் மைதானம், முப்பது பிள்ளைகள், ஒரே பயிற்சியாளர், மாதம் 800 ரூபாய். சென்ற மாதம் ஓஎம்ஆரில் உள்ள ஒரு பெரிய அகாடமியின் டிரையல்ஸுக்கு அவனை அழைத்துப் போயிருக்கிறார். 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அங்கே நான்கு அணிகள் இருக்கின்றன; பையனுக்கு ‘சி’ அணியில் இடம் கிடைத்திருக்கிறது. மாதம் 6,500 ரூபாய், சீருடைக்குத் தனி. அரையாண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டி, ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள்.

சிறிய கிளப்பிலேயே இருந்தால் மகன் யார் கண்ணிலும் படமாட்டான், இந்த வயதில் ஓராண்டு போனால் வாய்ப்பே போய்விடும் என்பது அவருடைய அச்சம். முதல் ஆறு மாதம் இரண்டு இடத்திலும் ஆடட்டுமே என்றும் யோசிக்கிறார். பழைய பயிற்சியாளரோ, போவதானால் வேறு கிளப்பில் சேர்வதற்கான தடையில்லாச் சான்றிதழ் தரமாட்டேன் என்கிறார். படிப்பு கெடும் என்று மனைவி எதிர்க்கிறார். பையன் வகுப்பிலேயே குள்ளமாக, 139 செ.மீ. உயரத்தில் இருக்கிறான்; வளர மாவோ ஊசியோ கொடுக்கலாமா என்ற கேள்வியும், விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பெரிய அகாடமியின் சான்றிதழ் உதவுமா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கின்றன. கடைசிப் பத்தியில், போகிற போக்கில், ஒரு வரி: “இரண்டு மாதமாகப் பயிற்சிக்குப் பிறகு வலது முழங்கால் வலிக்கிறது என்கிறான், கோச் அது வளர்ச்சி வலி, ஓடினால் சரியாகிவிடும் என்கிறார்.”

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எந்த கிளப் என்ற கேள்வி ஒரு மாதம் காத்திருக்கும், முழங்கால் காத்திருக்காது.

முதலில் முழங்கால்

இன்று மாலை மகனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு சிறிய மேடு கைக்குத் தட்டுப்படும். அதைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டால், அல்லது அந்த மேடு இடது காலில் இருப்பதைவிடப் புடைத்திருந்தால், ‘ஆஸ்குட் ஷ்லாட்டர்’ என்று நாங்கள் சொல்லும் நிலையாக அது இருக்க வாய்ப்பு அதிகம். முன்தொடைத் தசையின் இழுவை முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் வந்து சேர்கிறது. வளரும் வயதில் அது இன்னும் முழு எலும்பாக இறுகாத குருத்துப் பகுதி. ஓடுவதும் குதிப்பதும் பந்தை உதைப்பதும் அதைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வலி உண்டாகிறது. பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட விளையாட்டுப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதுதான். பெரும்பாலும் எலும்பு முதிர்ந்ததும் அடங்கிவிடும்.

‘வளர்ச்சி வலி’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவன்று. அது இரவில், இரண்டு கால்களிலும், குறிப்பிட்ட இடமின்றி வலித்துக் காலையில் மறைந்துவிடும். ஒரே காலில், ஒரே இடத்தில், ஆடிய பிறகு வருகிற வலியை ஓடித் தீர்த்துவிட முடியாது. ஓட்டத்தைக் குறைத்துத்தான் தீர்க்க வேண்டும். முழு ஓய்வும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மறுநாள் காலைக்குள் வலி மறைகிற அளவுக்கு ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சிகளையும் வலுவூட்டும் பயிற்சிகளையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டால் போதும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

ஆனால் வேறு சில அறிகுறிகள் இருந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது: நொண்டி நடப்பது, முழங்கால் வீங்குவது அல்லது மடங்கியபடி பூட்டிக்கொள்வது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி. இந்த வயதில் இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு நழுவும்போதும் பிள்ளைகள் முழங்காலைத்தான் காட்டுவார்கள். அதனால் முழங்கால் வலி என்று வரும் பையனுடைய இடுப்பையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு கிளப்பிலும் ஆறு மாதம் ஆடட்டும் என்ற உங்கள் யோசனை இந்த முழங்காலின் மேல்தான் ஏறி உட்காரப்போகிறது. வளரும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் எளிய அளவு ஒன்று உண்டு: வாரத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சியும் போட்டியும் சேர்ந்து, பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு விடுப்பு வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள கணக்கையே கூட்டிப் பார்த்தேன். அகாடமியில் நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். பெரம்பூரில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். ஞாயிறு போட்டி இரண்டு மணி நேரம். பள்ளி அணியைச் சேர்க்காமலே பதினான்கரை மணி நேரம் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, அதுவும் ஏற்கெனவே வலி தொடங்கிவிட்ட பையனுக்கு, இது ஆகாது. ஆகவே இரண்டும் என்ற வழியை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

உயரமும் ‘சி’ அணியும்

அகாடமிகளின் வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் தேதியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. உங்கள் மகன் நவம்பரில் பிறந்தவன். அதே பிரிவில் ஜனவரியில் பிறந்த பையன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவன். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறித் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அதன் பிறகு பல நாடுகளின் இளையோர் கால்பந்திலும் அதே சாய்வு கண்டறியப்பட்டிருக்கிறது. தேர்வாளர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. ஒரு மணி நேர டிரையல்ஸில் உயரமும் வேகமும் சட்டென்று கண்ணில் படும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் கண்ணில் படாது.

பிறந்த மாதத்தைவிடப் பெரியது உடல் முதிர்ச்சியில் உள்ள வேறுபாடு. ஒரே வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. எலும்பின் முதிர்ச்சியை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் இடையில் நான்கைந்து ஆண்டு வேறுபாடுகூட இருக்கக்கூடும். ஆண் பிள்ளைகளின் வேகமான வளர்ச்சிக் கட்டம் சராசரியாகப் பதின்மூன்றரை, பதினான்கு வயதில் உச்சத்தை எட்டுகிறது. அதுவரை ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவில் வளர்ந்து வந்தவன் அந்த ஓராண்டில் ஒன்பது, பத்து செ.மீ. கூட வளர்வான். உங்கள் மகன் அந்தக் கட்டத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்றே கடிதத்திலிருந்து தோன்றுகிறது. எனவே ‘சி’ அணி என்பது அவனுடைய ஆட்டத்துக்குக் கிடைத்த மதிப்பெண் என்று நீங்களும் எண்ண வேண்டாம், அவனையும் எண்ணவிட வேண்டாம். இன்றைய உடம்புக்குக் கிடைத்த இடம் அது.

உங்கள் உயரம் 168, மனைவியின் உயரம் 154 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 167.5 செ.மீ. வரும். எட்டு செ.மீ. போல மேலும் கீழும் போகக்கூடிய தோராயமான கணக்குதான் என்றாலும், அவன் இப்போது குள்ளமாக இருப்பதற்கும் கடைசியில் எவ்வளவு வளர்வான் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது இதிலிருந்து புரியும். தேவையில்லாத பிள்ளைக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவது மருத்துவமும் ஆகாது, விளையாட்டில் அது தடைசெய்யப்பட்ட பொருளும்கூட. டப்பாவில் வரும் வளர்ச்சி மாவுகளுக்குச் செலவழிக்கும் பணத்தை முட்டைக்கும் பாலுக்கும் சுண்டலுக்கும் செலவழியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலை வேளையில், ஒரே சுவரில் நிறுத்தி உயரத்தைக் குறித்துவையுங்கள். ஓராண்டில் நான்கு செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தாலோ, பதினான்கு வயதாகியும் பருவ மாற்றத்தின் அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலோ, குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்கலாம்.

பெரிய இடத்தில் உண்மையில் என்ன கிடைக்கிறது

பெரிய கிளப் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடசென்னையின் சிறிய கிளப்புகளைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு பாசம் உண்டு; அந்தப் பாசத்தில் அவற்றின் குறைகளை மறைத்துவிடக் கூடாது. நல்ல பெரிய அமைப்பில் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனிப் பயிற்சியாளர் இருப்பார், கோல்காப்பாளருக்குத் தனியாக ஒருவர் இருப்பார், அடிபட்டால் உடனே பார்க்க பிசியோ இருப்பார், ஆண்டு முழுவதும் ஒழுங்கான லீக் ஆட்டங்கள் இருக்கும். பதினைந்து வயதுக்கு மேல் இவை மிக முக்கியமாகிவிடுகின்றன, ஏனென்றால் அந்த வயதில் தன்னைவிட வலுவானவர்களோடு வாராவாரம் மோதாமல் ஆட்டம் உயராது. வியாசர்பாடிப் பையனான தனபால் கணேஷ் புனே எஃப்சியின் அகாடமி வழியாக வந்து, 2017–18இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்ற சென்னையின் எஃப்சி அணியில் ஆடினார். தெருவில் தொடங்கிய ஆட்டத்துக்கும் ஒரு கட்டத்தில் பெரிய கூரை தேவைப்பட்டது.

ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்தக் கூரைதானா என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய பெயர் கொண்ட அமைப்புகள் பலவற்றில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு நடத்தும் இளையோர் லீக்குகளில் ஆடும் அணி. அங்கே தேர்வாகும் பிள்ளைகளின் செலவைப் பெரும்பாலும் கிளப்பே ஏற்கும். மற்றொன்று, கட்டணம் செலுத்துபவர்களுக்கான மாலை நேரப் பயிற்சி வகுப்பு. இரண்டிலும் ஒரே சீருடைதான், ஒரே சின்னம்தான். இரண்டாவது வாசலில் நுழைபவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதைத் தேர்வு என்று நினைத்து மகிழ்வது தவறு. சென்ற இரண்டு ஆண்டுகளில் ‘சி’ அணியிலிருந்து எத்தனை பேர் ‘ஏ’ அணிக்கு ஏறினார்கள், லீக்கில் ஆடும் அணியில் எத்தனை பேர் உள்ளிருந்து வந்தவர்கள், எத்தனை பேர் வெளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

பெரியது என்பதாலேயே நிலைத்திருக்கும் என்பதும் இல்லை. 2018–19இல் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்சி, சில ஆண்டுகளிலேயே தேசிய லீக்குகளில் இல்லாமல் போனது. 2025இல் ஐஎஸ்எல் பருவமே நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் தள்ளிவைக்கப்பட்டது. மேலே இப்படி ஆட்டம் கண்டால் கீழே இருக்கும் இளையோர் அணிகளுக்குத்தான் முதலில் காற்றடிக்கும்.

‘யார் கண்ணிலும் படமாட்டான்’ என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வயதில் கண்ணில் படுவது அவ்வளவு அவசரம் இல்லை. என்கோலோ கான்ட்டே 2010 வரை, அதாவது பத்தொன்பது வயது வரை, பாரிஸின் புறநகரில் சுரேன் என்ற சிறிய அமெச்சூர் கிளப்பில்தான் ஆடினார்; குள்ளம் என்று பெரிய அகாடமிகள் அவரை எடுக்கவில்லை. 2018 உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் நடுக்களத்தில் அவர் இருந்தார். இப்படிப்பட்ட கதைகளை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சிறிய கிளப்பில் இருந்து காணாமல் போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. பன்னிரண்டு வயதில் கதவு மூடிவிடுவதில்லை என்பதற்கு மட்டும் இது சான்று. நம் ஊரிலும் பள்ளி அணி வழியாகக் குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, சுப்ரதோ கோப்பை என்று கண்ணில் படும் இடங்கள் கிளப்புக்கு வெளியே இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது சாலையைப் பற்றி. கொளத்தூரிலிருந்து ஓஎம்ஆருக்கு மாலை நேரத்தில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணி நேரப் பயிற்சிக்காகப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கப் போகிறான். இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்து, காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வேனில் ஏற வேண்டும். இந்த வயதில் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. அந்தத் தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் இயல்பாகச் சுரக்கிறது. ஊசியைப் பற்றி விசாரிக்கும் நீங்கள், உடம்பு தானாகத் தருவதைச் சாலையில் தொலைக்கச் சம்மதிப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. உங்கள் மனைவி சொல்வதைப் ‘பயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவ நோக்கில் பார்த்தால், இந்தக் கடிதத்தில் உள்ளவற்றில் மிகவும் பொருத்தமான எதிர்ப்பு அவருடையதுதான்.

என் கருத்து, அதற்கான நிபந்தனைகள்

இந்த ஆண்டு இந்த ‘சி’ அணியில் சேர்க்க வேண்டாம். மகன் பெரம்பூரிலேயே தொடரட்டும். வேகமாக வளரும் கட்டத்தைக் கடந்த பிறகு, பதினான்கரை, பதினைந்து வயதில் மறுபடி டிரையல்ஸுக்குப் போகட்டும். இதே அகாடமி அண்ணா நகரில் இருந்து, ‘ஏ’ அல்லது ‘பி’ அணியில் இடம் கிடைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஆனால் ‘தொடரட்டும்’ என்பது கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இரண்டு இடங்களுக்கும் ஒரு மாலை போய், பெற்றோர்கள் நிற்கும் இடத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஒரே ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் கவனியுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பந்து அவன் காலில் எத்தனை முறை பட்டது? ஒரு கோனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு முறை கோலை நோக்கி உதைத்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறார்கள் என்றால், டர்ஃப் என்ற செயற்கைப் புல் தரை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அங்கே பயிற்சி நடக்கவில்லை. நான்குக்கு நான்கு பேராகப் பிரித்துச் சிறிய கட்டங்களில் ஆடவிடுகிறார்கள் என்றால், மண் தரையாக இருந்தாலும் பிள்ளை நூறு முடிவுகளாவது எடுத்துவிட்டு வீடு திரும்புவான். தவறான பாஸ் கொடுத்த பையனைப் பார்த்துப் பயிற்சியாளர் கத்துகிறாரா, கேள்வி கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். மைதானத்தின் தரத்தைவிட இவையே முக்கியம். பிற்பகல் வெயிலில் செயற்கைப் புல் எவ்வளவு சூடேறும் என்பது ஏப்ரல், மே மாதங்களில் அதன் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரம்பூர்ப் பயிற்சியாளரிடம் நீங்கள் வைக்க வேண்டிய நிபந்தனைகளும் உண்டு. வலி உள்ள நாளில் பையனை ஆடச்சொல்லக் கூடாது என்பது முதல் நிபந்தனை. இதில் அவர் சமரசம் கேட்டால் கிளப்பை மாற்ற அது ஒன்றே போதுமான காரணம். பயிற்சிக்கு முன் ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற வார்ம்-அப் முறையைப் பின்பற்றச் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். சிறுவர்களுக்கான அதன் வடிவத்தை வைத்து நடந்த ஆய்வில் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஆள் குறைகிறது என்று மகனைப் பதினேழு வயதுப் பையன்களோடு ஞாயிறு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டிகளில் இறக்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். எப்போதாவது என்றால் சரி. வாராவாரம் என்றால் வேண்டாம். அவரிடம் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் என்ற பயிற்சியாளர் உரிமமோ அதற்கு மேற்பட்ட ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சான்றிதழோ இருக்கிறதா என்று மரியாதையாகவே கேட்கலாம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பெரியவர் என்பது பாதுகாப்பு நோக்கிலும் சரியில்லை. பயிற்சி நேரத்தில் இன்னொரு பெரியவர், ஒரு பெற்றோராவது, மைதானத்தில் இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் மகன் என்ன விரும்புகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. நண்பர்களோடு ஆடப் பிடிக்கிறது என்பானா, டர்ஃபில் ஆட ஆசை என்பானா, தெரியாது. எதைச் சொன்னாலும் அது முடிவை மாற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், அதுவும் டிரையல்ஸ் முடிந்து திரும்பும் வண்டியில் கேட்காமல் ஒரு சாதாரண நாளில் கேளுங்கள்.

சான்றிதழும் கையெழுத்தும்

விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அகாடமி நடத்தும் போட்டிகளின் பதக்கமும் தனியார் தொடர்களின் கோப்பையும் பொதுவாகக் கணக்கில் வராது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களும் பள்ளிக் கல்வித்துறையும் நடத்தும் போட்டிகளில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடியதற்கான சான்றுதான் எண்ணப்படும். ஆகவே அந்த நோக்கத்துக்கு அகாடமியைவிட அவனுடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே உங்களுக்கு அதிகம் பயன்படுவார்.

தடையில்லாச் சான்றிதழ் பற்றி: மகன் அந்தக் கிளப்பின் பெயரில் கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் உண்மையில் பதிவு செய்யப்பட்டிருக்கிறானா என்று முதலில் பாருங்கள். பதிவே இல்லையென்றால் அவர் விடுவிக்க எதுவும் இல்லை. பதிவு இருந்தால், மாவட்டக் கால்பந்து சங்கத்தில் எழுத்துமூலம் கேட்டு, மாற்றத்துக்கான காலத்தையும் முறையையும் தெரிந்துகொள்ளலாம். பயிற்சியாளரின் பிடிவாதத்திலும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. ஃபிஃபாவின் விதிகளின்படி, ஒரு வீரர் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனால், அவருடைய பன்னிரண்டாவது வயதுப் பருவத்திலிருந்து பயிற்சியளித்த கிளப்புகளுக்கு இழப்பீடு கோரும் உரிமை உண்டு. அந்தக் கணக்கு பதிவேட்டை வைத்தே நடக்கிறது. 800 ரூபாய்க்கு மூன்று ஆண்டு வளர்த்தவர், பெயர் பதிவேட்டில் இருக்கட்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. பதிவு விவரம் அப்படியே இருக்கும், எப்போது போனாலும் அவர் பயிற்சியளித்த ஆண்டுகள் அதில் குறிக்கப்படும் என்று நீங்களே உறுதி சொன்னால், பாதிப் பிடிவாதம் தளர்ந்துவிடும். ஒரு பிள்ளையைப் பிடித்துவைக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

அகாடமியின் ஈராண்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி பதினெட்டு வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவன் போடும் கையெழுத்து அவனைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் கட்டணத்துக்கு உறுதியளித்துக் கையெழுத்திடுவது நீங்கள், அது உங்களைக் கட்டுப்படுத்தும். இப்போது சேர்க்காவிட்டாலும், இரண்டு ஆண்டு கழித்து வேறோர் இடத்தில் இதே போன்ற தாளை நீட்டுவார்கள். அப்போது நடுவில் விலகினால் மீதிக் கட்டணம் திரும்புமா, காயத்தால் மூன்று மாதம் ஆடமுடியாமல் போனால் கட்டணம் நிற்குமா, வேறு கிளப்புக்குப் போக விடுவிப்புத் தொகை கேட்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

முழங்காலுக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவன் ஆடும் பூட்ஸையும் பள்ளி உடல்நலப் பதிவேட்டில் உள்ள கடந்த ஆண்டு உயரத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வாரம் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்வதை எழுதி வாங்கி, அதன் நகலைப் பயிற்சியாளரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் கொடுத்துவிடுங்கள்.